கணக்கு மாறியது, லாபம் எங்கே போனது?

முதலீட்டை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றிய பிறகு உண்மையில் எவ்வளவு சம்பாதித்தோம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் கிட்டத்தட்ட இதே ரகம். முதல் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்லிவிட்டால் மற்றவற்றுக்குப் பாதி வேலை முடிந்துவிடும் என்பதால் அதிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: ஜனவரி தொடக்கத்தில் ஒரு கணக்கில் 5,00,000 போட்டேன். ஜூலையில் அது 5,50,000 ஆனது. அதிலிருந்து 3,00,000-ஐ எடுத்து வேறொரு கணக்கில் முதலீடு செய்தேன். டிசம்பர் கடைசியில் பழைய கணக்கில் 2,60,000, புதிய கணக்கில் 3,09,000 இருக்கிறது. பழைய ஆப் 30 சதவீத லாபம் என்கிறது, புதிய ஆப் 3 சதவீதம் என்கிறது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 16.5 சதவீதம் என்று நோட்டில் எழுதிவைத்தேன். அது தப்பு என்கிறாள் என் மனைவி. யார் சொல்வது சரி?

உங்கள் மனைவி. சரியான விடை 13.8 சதவீதம்.

பணத்தை மாற்றியதையே கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். வருடத் தொடக்கத்தில் உங்களிடம் இருந்தது 5,00,000. கடைசியில் இரண்டு கணக்கையும் சேர்த்தால் 5,69,000. நடுவில் வெளியிலிருந்து ஒரு காசு உள்ளே வரவில்லை, செலவுக்கென்று ஒரு காசு வெளியே போகவுமில்லை. ஐந்து லட்சத்துக்கு 69,000 லாபம், அவ்வளவுதான் விஷயம்.

பழைய ஆப்புக்கு அந்த 30 எங்கிருந்து வந்தது? அதற்குத் தெரிந்ததெல்லாம் 5,00,000 உள்ளே வந்தது, 3,00,000 வெளியே போனது என்பதுதான். நீங்கள் அதைச் செலவு செய்தீர்களா, வேறு இடத்தில் போட்டீர்களா என்று அதற்கு எப்படித் தெரியும்? ஆகவே மீதி முதல் 2,00,000, கையிருப்பு 2,60,000, லாபம் 60,000, அதாவது 30 சதவீதம் என்று போட்டுவிட்டது. ஆனால் அந்த 60,000-ல் 50,000 முதல் ஆறு மாதத்தில் ஐந்து லட்சமும் சேர்ந்து உழைத்துச் சம்பாதித்தது. ஐந்து பேர் சேர்ந்து அறுத்த அறுப்பை, மிச்சமிருக்கும் இரண்டு பேர் கணக்கில் எழுதினால் அவர்கள் பெரிய உழைப்பாளிகளாகத்தான் தெரிவார்கள்.

இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்த்தால் கூத்து புரியும். ஜூலையில் 3,00,000-க்குப் பதில் 4,90,000 மாற்றியிருந்தால் பழைய கணக்கில் மிச்சம் 60,000 இருந்திருக்கும். மற்ற பணம் வளர்ந்த அதே வேகத்தில் அதுவும் வளர்ந்து டிசம்பரில் 62,400 ஆகியிருக்கும். ஆப் என்ன சொல்லும்? மீதி முதல் வெறும் 10,000, லாபம் 52,400, ஆக 524 சதவீதம். நீங்களும் அதைப் படம்பிடித்து நண்பர்களுக்கு அனுப்பியிருப்பீர்கள்.

புதிய ஆப் சொல்லும் 3 சதவீதத்தில் பிழை இல்லை. ஆனால் அது அரை வருடத்துக் கதை. ஒரு முழு வருடத்து எண்ணையும் ஓர் அரை வருடத்து எண்ணையும், அதுவும் வேறு வேறு அளவு பணத்துக்கானவை, கூட்டி இரண்டால் வகுத்தால் கணக்கு உதைக்கத்தான் செய்யும்.

கணக்கு வாரியாகத்தான் தெரியவேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது, கால்குலேட்டர் போதும். லாபத்தை, வருடம் முழுக்க சராசரியாக எவ்வளவு பணம் அந்தக் கணக்கில் வேலை செய்ததோ அதனால் வகுக்கவேண்டும். பழைய கணக்கில் ஆறு மாதம் 5,00,000, ஆறு மாதம் 2,00,000, சராசரி 3,50,000. லாபம் 60,000. ஆக 17.1 சதவீதம். புதிய கணக்கில் ஆறு மாதம் பூஜ்யம், ஆறு மாதம் 3,00,000, சராசரி 1,50,000. லாபம் 9,000. ஆக 6 சதவீதம். இப்போது இரண்டையும் சேருங்கள்: சராசரி முதல் 3,50,000 கூட்டல் 1,50,000, அதாவது 5,00,000. லாபம் 60,000 கூட்டல் 9,000, அதாவது 69,000. மறுபடியும் அதே 13.8! சதவீதங்களைக் கூட்டக்கூடாது, லாபத்தையும் முதலையும் தனித்தனியாகக் கூட்டி அப்புறம்தான் வகுக்கவேண்டும் என்பது இதில் கண்ணெதிரே தெரிகிறது. இந்த முறைக்கு, 1960-களில் இதற்கு அடித்தளம் போட்ட பீட்டர் டீட்ஸ் என்பவர் பெயரில் ‘திருத்திய டீட்ஸ் முறை’ என்று பெயர்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் என் எல்லா முதலீட்டுக் கணக்குகளின் பெயரையும் எழுதிவிடுவேன். வட்டத்தின் கோட்டைத் தாண்டி உள்ளே வருவது மட்டும்தான் முதலீடு, கோட்டைத் தாண்டி வெளியே போவது மட்டும்தான் எடுத்த பணம். உள்ளுக்குள்ளேயே இங்கிருந்து அங்கே போனால் அது ஒரு குடத்துத் தண்ணீரை இன்னொரு குடத்தில் ஊற்றிய மாதிரி, தண்ணீர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இந்தப் புத்தி எனக்குப் பட்டபிறகுதான் வந்தது. ஒருமுறை ஒரு கணக்கை மூடி அந்தப் பணத்தை இன்னொன்றில் போட்டபோது புதிய கணக்கில் அதை ‘புது முதலீடு’ என்று பதிந்தேன், பழையதில் எடுத்ததைப் பதியவில்லை. அந்த வருடம் நான் போட்டதைவிட என்னிடம் இருப்பது குறைவு என்று கணக்கு காட்டியது, இரண்டு நாள் தூக்கம் போனது. அப்புறம் பார்த்தால் ஒரே பணத்தை இரண்டு முறை போட்டதாக எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பழைய கணக்கிலிருந்து மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பணம் கிளம்பியது, புதிய கணக்குக்கு அடுத்த மாதம் 4-ம் தேதிதான் வந்துசேர்ந்தது. மாதக் கடைசிக் கணக்கில் மொத்தமே திடீரென்று குறைந்து தெரிகிறது. என்ன செய்வது?

‘வழியில் இருக்கும் பணம்’ என்று நோட்டில் ஒரு மூன்றாவது கணக்கைத் திறந்துவிடுங்கள். கிளம்பிய நாளில் அதில் வரவு, சேர்ந்த நாளில் பற்று. அந்தப் பணம் அந்தச் சில நாட்களும் உங்களுடையதுதான், வட்டத்துக்கு உள்ளேதான் இருக்கிறது.

பலர் இங்கே தங்களுக்குச் சாதகமாக ஒரு தப்பு செய்கிறார்கள். வழியில் இருந்த நாட்களில் பணம் ஒன்றும் சம்பாதிக்கவில்லையே, அதை ஏன் கணக்கில் சேர்க்கவேண்டும் என்று அந்த நாட்களை விட்டுவிடுகிறார்கள். சம்பாதிக்கவில்லை என்பதும் ஒரு விளைவுதானே! விற்றுவிட்டு, பணம் வரக் காத்திருந்து, திரும்ப வாங்குவதற்குள் சந்தை ஏறிவிட்டால் அந்த இழப்பு மாற்றியதற்கான செலவு. இறங்கியிருந்தால் அதிர்ஷ்டம். இரண்டுமே உங்கள் கணக்கில் வரவேண்டியதுதான்.

கேள்வி: நான் விற்கவில்லை. மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டுகளை அப்படியே வேறு தளத்துக்கு மாற்றினேன். 50 விலையில் வாங்கிய 400 யூனிட். மாற்றிய அன்று விலை 120, இன்று 126. புதிய தளம் லாபம் 5 சதவீதம் என்று காட்டுகிறது. என் பழைய லாபமெல்லாம் என்ன ஆனது?

எங்கேயும் போகவில்லை, புதிய தளத்துக்கு அது தெரியாது, அவ்வளவுதான். அது மாற்றிய நாளையே நீங்கள் வாங்கிய நாள் என்றும், அன்றைய விலை 120-ஐயே வாங்கிய விலை என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் போட்டது 20,000, இன்றைய மதிப்பு 50,400, லாபம் 152 சதவீதம். சில இடங்களில் இதற்கு நேர்மாறாக வாங்கிய விலையைப் பூஜ்யம் என்று போட்டுவிடுவார்கள். அப்போது மொத்த மதிப்பும் லாபமாகத் தெரியும், அதைப் பார்த்துக் குஷியாவதும் வீண்தான்.

பெரும்பாலான தளங்களில் வாங்கிய தேதியையும் விலையையும் கையால் திருத்த ஓர் இடம் இருக்கும். இல்லையென்றால் உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். கேட்கும்போது மொத்த விலை மட்டும் கொடுக்காமல் ஒவ்வொரு முறை வாங்கியதையும் தனித்தனியாக, தேதியோடு கொடுங்கள். 400 யூனிட்டையும் ஒரே நாளில் வாங்கியிருந்தால் பிரச்சினை இல்லை. நாலு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியிருந்தால் தேதி இல்லாத சராசரி விலையை வைத்து ஆண்டு வருமானம் கணக்கிட முடியாது. பாதியை மட்டும் மாற்றினீர்கள் என்றால் எந்தப் பாதி போனது, பழையதா புதியதா என்ற கேள்வியும் வரும். முதலில் வாங்கியது முதலில் போகும் என்பது பரவலான வழக்கம், ஆனால் உங்கள் ஸ்டேட்மென்ட் என்ன சொல்கிறது என்று பார்த்து அதையே எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பின்னால் விற்கும்போது வரிக் கணக்கிலும் இதே தேதிதான் வந்து நிற்கும்.

முக்கியமான ஒன்று. பழைய கணக்கை மூடுவதற்கு முன்னால் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரையிலான பரிவர்த்தனை ஸ்டேட்மென்டை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மூடியபிறகு உள்ளே நுழைய முடியாமல் போகலாம். ஒரு நண்பர் இதற்குப் பதில் ஆப்பின் முதல் திரையை மட்டும் படம் எடுத்துவைத்திருந்தார். ‘மொத்த லாபம்’ என்று பச்சை நிறத்தில் ஓர் எண், மேலே போனின் பேட்டரி 14 சதவீதம் என்று தெரிகிறது, தேதி மட்டும் இல்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

கேள்வி: கணக்கு மாற்றி இருபது நாள்தான் ஆகிறது. 3 சதவீதம் ஏறியிருக்கிறது. பணம் போட்ட, எடுத்த தேதிகளை வைத்து வருமானத்தைக் கணக்கிடும் எக்ஸ்ஐஆர்ஆர் (XIRR) சூத்திரத்தை எக்ஸெல்லில் போட்டால் 71 சதவீதம் என்கிறது. பழைய கணக்குக்குப் போட்டால் பிழை என்று மட்டும் வருகிறது. இந்த சூத்திரத்தை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் அது என்ன சொல்கிறது என்று தெரிந்து நம்பவேண்டும். எக்ஸ்ஐஆர்ஆர் எப்போதும் ஆண்டுக் கணக்கில்தான் பேசும். இருபது நாளில் 3 சதவீதம் என்றால், இதே வேகத்தில் 365 நாளும் போனால் எவ்வளவு என்று பெருக்கிச் சொல்கிறது, அது 71.5 வருகிறது. கணக்கு சரி, அர்த்தம்தான் இல்லை. ஒரு வருடம் நிறையாத எதற்கும் அந்த எண்ணைப் பார்க்காதீர்கள், ‘இருபது நாளில் 3’ என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிழை வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: போட்ட பணத்தையெல்லாம் மைனஸில் எழுதிவிட்டு, கடைசியில் இன்றைய தேதியில் இன்றைய மதிப்பை பிளஸில் எழுத மறந்திருப்பீர்கள். பட்டியலில் ஒரு மைனஸாவது ஒரு பிளஸாவது இல்லாமல் அந்த சூத்திரம் வேலை செய்யாது. அதுவும் சரியாக இருந்தால் தேதிகளைப் பாருங்கள். சில தேதிகள் தேதியாக இல்லாமல் வெறும் எழுத்தாகப் பதிந்திருக்கும்.

எல்லாக் கணக்குக்கும் சேர்த்து ஒரே பட்டியல் போடும்போது மாற்றிய பணத்தை எழுதவே வேண்டாம். ‘எழுதினால்தான் எனக்கு நிம்மதி’ என்பவர்கள் ஒரே தேதியில் ஒரு பிளஸ், ஒரு மைனஸ் என்று எழுதுங்கள், இரண்டும் அடித்துக்கொண்டு போய்விடும். கிளம்பியது 3-ம் தேதி, சேர்ந்தது 9-ம் தேதி என்று வேறு வேறு தேதியில் எழுதினால், நடுவில் ஆறு நாள் அந்தப் பணம் உங்கள் முதலீட்டிலேயே இல்லை என்று சூத்திரம் எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: என் முதலீட்டை சந்தைக் குறியீட்டோடு ஒப்பிட வேண்டும். ஆனால் நான் அடிக்கடி பணம் போடுகிறேன், மாற்றுகிறேன். எந்த எண்ணை ஒப்பிடுவது?

நல்ல கேள்வி. இரண்டு வேறு வேறு விஷயங்களைப் பிரித்துக்கொள்ளவேண்டும். நீங்கள் தேர்ந்தெடுத்த முதலீடு எப்படி ஓடியது என்பது ஒன்று, உங்கள் பணம் எவ்வளவு வளர்ந்தது என்பது இன்னொன்று. இரண்டாவதுக்கு எக்ஸ்ஐஆர்ஆர். முதலாவதுக்கு, ஒரு மியூச்சுவல் ஃபண்ட் எப்படித் தன் யூனிட் விலையைக் கணக்கிடுகிறதோ அப்படியே நீங்களும் உங்கள் மொத்த முதலீட்டையும் ஒரு குட்டி ஃபண்டாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

1,00,000-ல் தொடங்குகிறீர்கள். அதை 1,000 யூனிட், ஒன்று 100 என்று வையுங்கள். மதிப்பு 1,20,000 ஆகும்போது யூனிட் விலை 120. அன்றைக்கு 60,000 புதிதாகப் போடுகிறீர்கள். அதற்கு 500 யூனிட் கொடுத்துவிடுங்கள். மொத்தம் 1,500 யூனிட். அப்புறம் சந்தை இறங்கி மொத்த மதிப்பு 1,62,000 ஆகிறது, யூனிட் விலை 108. உங்கள் தேர்வு 8 சதவீதம் ஏறியிருக்கிறது, குறியீட்டோடு ஒப்பிடவேண்டியது அதைத்தான். ஆனால் நீங்கள் போட்டது 1,60,000, இருப்பது 1,62,000, பையில் லாபம் வெறும் 2,000. இரண்டும் உண்மை. பணத்தில் ஒரு பகுதியை உச்சத்தில் போட்டீர்கள், அதனால் இந்த வித்தியாசம்.

ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் இந்த முறையில் யூனிட் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. புதிதாகப் போட்ட பணத்துக்குத்தான் யூனிட்.

போட்ட பணத்தையும் லாபத்தையும் கலந்துவிடும் இந்தத் தவறு உங்களுக்கும் எனக்கும் மட்டும் வருவதில்லை. அமெரிக்காவில் பியர்ட்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பெண்கள் நடத்திய ஒரு முதலீட்டுச் சங்கம், 1993 வரையிலான பத்து வருடங்களில் ஆண்டுக்குச் சராசரியாக 23.4 சதவீதம் சம்பாதித்ததாகச் சொல்லி உலகப் புகழ் பெற்றது. உறுப்பினர்கள் மாதாமாதம் கட்டிய சந்தாவும் அந்தக் கணக்கில் கலந்திருந்தது என்று 1998-ல் ஒரு பத்திரிகை கிளறிவிட்டது. தணிக்கை நிறுவனத்தை வைத்துத் திரும்பப் போட்டதில் வந்தது 9.1 சதவீதம்.

கேள்வி: மாற்றுவதற்கு ஆன கட்டணம், இடையில் வந்த டிவிடெண்ட் இவற்றை எங்கே எழுதுவது?

கட்டணத்தைக் கணக்கிலிருந்தே கழித்துக்கொண்டார்கள் என்றால் எழுதவேண்டாம், மதிப்பு ஏற்கெனவே குறைந்துதான் இருக்கிறது, எழுதினால் இரண்டு முறை கழித்ததாகிவிடும். உங்கள் கையிலிருந்து தனியாகக் கட்டினீர்கள் என்றால் அது முதலீட்டில் போட்ட பணம் மாதிரி, மைனஸ். டிவிடெண்டும் இதே மாதிரி. உள்ளேயே தங்கினால் ஒன்றும் எழுதவேண்டாம், செலவுக்கு வெளியே வந்தால் பிளஸ்.

கேள்வி: என் கணக்கிலிருந்து கணவர் கணக்குக்கு மாற்றினேன். இது எடுத்த பணமா, மாற்றிய பணமா?

வட்டம் யாருக்காகப் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் ஒருவருக்கு என்றால் எடுத்த பணம். குடும்பத்துக்கு என்றால் மாற்றிய பணம். எதுவானாலும் சரி, ஆனால் இந்த வருடம் ஒன்று, அடுத்த வருடம் இன்னொன்று என்று, எண் எதில் அழகாக வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: பத்து வருடத்தில் நாலு கணக்கு மாற்றியாயிற்று, இரண்டு தளங்கள் இப்போது இல்லவே இல்லை, ஸ்டேட்மென்ட் எதுவும் கையில் கிடையாது. இனி என் உண்மையான வருமானத்தைக் கண்டுபிடிக்கவே முடியாதா?

ஓரளவு முடியும். உங்கள் வங்கி ஸ்டேட்மென்ட் கிடைக்கிறதா பாருங்கள். முதலீட்டுக் கணக்குகள் எத்தனை முறை மாறியிருந்தாலும், வெளியிலிருந்து உள்ளே போன பணமும் உள்ளேயிருந்து வெளியே வந்த பணமும் வங்கி வழியாகத்தான் போயிருக்கும். ஒரு தளத்திலிருந்து வங்கிக்கு வந்து, சில நாளில் இன்னொரு தளத்துக்குப் போன தொகைகளை ஜோடி ஜோடியாக அடித்துவிடுங்கள். மிச்சமிருப்பதும் இன்றைய மதிப்பும் போதும், நாலு கணக்கின் உள்விவரம் எதுவும் இல்லாமலே மொத்த வருமானம் வந்துவிடும்.

வங்கிப் பதிவும் கிடைக்கவில்லை என்றால் பழையதைக் குத்துமதிப்பாக நிரப்பாதீர்கள். இன்றைய மொத்த மதிப்பை, இன்றைக்குத்தான் புதிதாகப் போட்டதாக, இன்றைய தேதியில் மைனஸில் எழுதி ஒரு புது நோட்டைத் தொடங்குங்கள். பழைய பத்து வருடக் கணக்கு போனது போனதுதான். இனி வரும் ஒவ்வொரு வருடத்துக்கும் எண் சரியாக இருக்கும்.